இறங்காத கை

நொச்சிப்பள்ளத்தில் எந்த முடிவாக இருந்தாலும் கை தூக்கித்தான் எடுப்பார்கள். மாரியம்மன் நோம்பிக்கு என்றைக்குக் கம்பம் நடுவது, தறிகளுக்கு எந்தக் கிழமை லீவு விடுவது, ஊர்க்கிணற்றுக்கு வலை போடுவதா கம்பி போடுவதா என்று எதுவானாலும் ஊர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடும், நூல் வியாபாரி அர்த்தனாரி எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லுவார், அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கைகள் எழும்பிவிடும், அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போடுவார், கைகள் இறங்கிவிடும். அதற்கப்புறம், "மாத்துக் கருத்து யாருக்காச்சும் இருக்குதுங்களா?" என்று ஒரு கேள்வி கேட்பார். இலையை மடித்துவிட்டவரிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்பது போல மரியாதைக்குக் கேட்பதுதான். கேட்கும்போதே அவர் கால் செருப்பைத் துழாவிக்கொண்டிருக்கும், ஊரும் எழுந்து பின்பக்க மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்விக்கு ஒரு கை எழும்பி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, எழும்பினால் என்ன செய்வது என்றும் யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட ஊரில்தான் தறிக்காரர் சம்பத்குமாரின் பெண்டாட்டி துளசிமணி கை தூக்கினாள். தூக்கின கை இறங்கவில்லை.

விஷயம் சோற்று விஷயம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் வெகுகாலம் பொங்கிப்போட்ட அம்மாள் ஓய்வுபெற்றுப் போக, அந்த இடத்துக்கு மாராத்தாள் என்பவளைப் போட்டிருந்தார்கள். மாராத்தாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், காலனியில் இருப்பவள். இதைச் சொன்னால் போதும், மீதியை நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறுநாளிலிருந்தே ஊர்ப்பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தார்கள், காலனிப் பிள்ளைகள் நாலைந்து பேர் மட்டும் தட்டேந்தி வரிசையில் நின்றார்கள், ஆனால் அரிசியும் பருப்பும் முட்டையும் எல்லாருக்குமாகத்தான் வந்துகொண்டிருந்தன, மாராத்தாளும் எல்லாருக்குமாகத்தான் பொங்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மகள் மிதுனாவுக்குக் காய்ச்சல் என்று டீச்சர் போன் பண்ண, துளசிமணி போனவள், சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் மாராத்தாள் குழி வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் ஓர் அண்டா நிறையச் சோறு, ஆவி இன்னும் அடங்கவில்லை. மாராத்தாள் அதைக் குழியில் சாய்த்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதிக்க மனசில்லாமல் மண்வெட்டியின் அடிப்பக்கத்தால் மெதுவாகத் தட்டி மூடினாள். துளசிமணிக்குப் பெரிய நியாயம் எதுவும் தெரியாது, சட்டம் தெரியாது, மேடையில் பேசுகிறவர்கள் சொல்லுவதெல்லாம் தலைக்குமேல் போய்விடும். வெந்த சோற்றை மண்ணில் மூடுகிறது பாவம் என்பது மட்டும் தெரியும். அந்தப் பாவத்தை அந்தப் பெண்பிள்ளை கையாலேயே செய்யவைக்கிறோமே என்று மகளைக் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேரும்வரைக்கும் அவளுக்கு ஆறவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் ஊர் கூடியது. சமையல்காரியை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிக்கொள்வோம் என்று அர்த்தனாரி சொன்னார், கைகள் எழும்பின, துண்டு தோளில் விழுந்தது, கைகள் இறங்கின. "மாத்துக் கருத்து யாருக்காச்சும் இருக்குதுங்களா?" என்று அவர் செருப்பில் ஒரு காலை நுழைத்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு வளையல் சத்தம் கேட்டது.

"எனக்குச் சம்மதமில்லீங்" என்றாள் துளசிமணி.

அர்த்தனாரி ஒற்றைச் செருப்போடு நின்றார். எவ்வளவு நேரம் நிற்பது? கடைசியில், "சரி அம்மிணி, கேட்டாச்சு, கைய எறக்கு" என்றார். துளசிமணியும் இறக்கத்தான் பார்த்தாள். முழங்கை மடங்கவில்லை, தோள் அசையவில்லை, வலது கை வானத்தைப் பார்த்து நட்டமாக நின்றது. கூட்டம் கலைந்து போய், கோழிகள் மரத்தடிக்கு வந்து கிளறத் தொடங்கிய பிறகும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஊர் பதறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் விளக்கெண்ணெய் போட்டு உருவினார்கள், அடுத்து பூசாரி திருநீறு போட்டார், டவுன் டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பும் நரம்பும் அருமையாக இருக்கின்றன, இறங்குவதற்குக் கைக்குத்தான் இஷ்டமில்லை போலிருக்கிறது என்றார். அதற்கப்புறம் ஊருக்குச் சோலி இருந்தது. டெய்லர் அவள் ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் பக்கவாட்டில் வெட்டிக் கொக்கி வைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி, கொடிக்கயிறு அறுந்த அன்றைக்கு, "துளசி, சித்த இப்பிடி நில்லு" என்று அவள் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டித் துணி காயப்போட்டாள். பிள்ளைகள் மரத்தில் மாட்டிய பந்தை எடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். தேர்தல் வந்தபோது ஒரு கட்சிக்காரர்கள் அவளைப் பிரச்சாரத்துக்கு வாடகைக்குக் கேட்டார்கள், இன்னொரு கட்சிக்காரர்கள் ஓட்டுச்சாவடிப் பக்கம் அவள் வரவே கூடாது என்றார்கள், அவள் இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டுத் தறிக்கு நூல்தார் சுற்றப் போனாள்.

பஸ்தான் வேடிக்கை. காலனி நிறுத்தத்தில் அந்த டவுன் பஸ் நின்றதே இல்லை, ஊரைத் தாண்டினால் புழுதி பறக்கப் போய்விடும். துளசிமணி ஒருநாள் காலையில் அந்த வழியே சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போக, ரோட்டோரத்தில் ஒரு கை தூக்கியிருப்பதைப் பார்த்த டிரைவர் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்துவிட்டார். "ஏறலையாம்மா?" என்றார் கண்டக்டர். "இல்லீங், கை அப்பிடித்தானுங்" என்றாள். அதற்குள் காலனிச் சனம் ஓடிவந்து ஏறிவிட்டது. மறுநாளும் அவள் அந்த நேரத்துக்கே பால் ஊற்றப் போனாள், அதற்கு மறுநாளும் போனாள், கொஞ்ச நாளில் அவள் இல்லாவிட்டாலும் பஸ் அங்கே நிற்கப் பழகிவிட்டது.

ஆனால் சோற்றுக்கு வழி? அங்கேதான் இடித்தது. நம் ஊரில் இடது கையால் எதையும் செய்யலாம், சாப்பிட மட்டும் முடியாது. அந்தக் கைக்கு உள்ள சோலி என்ன என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள் பொழுதோட சம்பத்குமார்தான் பிசைந்து ஊட்டினார். கல்யாணத்தன்று ஊட்டியதற்கப்புறம் அவர் அவளுக்கு ஊட்டியதே இல்லை, வாய் எங்கே இருக்கிறதென்றே மறந்துபோனவர் மாதிரி கன்னமெல்லாம் ரசத்தைப் பூசினார், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துச் சிரித்து அவளுக்கு அழுகையும் வந்தது. இப்படியே ஆயுசுக்கும் கை நின்றாலும் பரவாயில்லை என்று அந்த ஒரு வேளை அவளுக்குத் தோன்றியது உண்மை.

அது நிலைக்கவில்லை. அந்தக் கைக்காரிக்குச் சோறு ஊட்டுகிறவர் ஊர் முடிவுக்கு எதிராளி என்று அர்த்தனாரி சொல்லியனுப்பினார். சம்பத்குமாரின் தறிகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் அர்த்தனாரியின் சரக்குக் கிட்டங்கியிலிருந்துதான் வர வேண்டும், ஓடுகிற பாவு தீர்ந்தால் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பு நிற்கும்.

"எடது கையில உண்டுக்க, துளசி" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "எனக்கு வேற வழி தெரியல."

"நான் உங்களை ஒண்ணுஞ் சொல்லலீங்" என்றாள் அவள். சொல்லவும் இல்லை. ஆனால் இடது கையைத் தட்டில் வைக்கவும் அவளால் முடியவில்லை. காலையில் மோரைக் குடித்தாள், பொழுதோட மோரைக் குடித்தாள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்லுவார்கள், அவளுக்குக் கைக்கே எட்டவில்லை. மறுநாள் மத்தியானம் பசி காதை அடைத்தபோது, சத்துணவு மணி அடிப்பது கேட்டது. எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

தட்டேந்தி நின்ற காலனிப் பிள்ளைகளுக்குப் பின்னால் அவளும் வரிசையில் நின்றாள். மாராத்தாள் கரண்டியைப் பிடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயசுக்காரி, ஒல்லி, நாக்கில் எப்போதும் கொஞ்சம் மிளகாய் இருக்கும்.

"என்னங் அம்மிணி, இவ்வளவு தூரம்?"

"பசிக்குது மாராத்தா. உனக்காகத்தான் கை தூக்குனேன், தெரியுமில்ல?"

"தெரியாமயா? ஊரே படம் புடிச்சுப் போன்ல அனுப்பீட்டுக் கெடக்குது." மாராத்தாள் சோற்றைத் தட்டில் போட்டு, சாம்பாரை ஊற்றி, முட்டையை ஓரமாக வைத்தாள். "நானா தூக்கச் சொன்னேன்? இது எனக்கு மூணாவது ஊருங். போற பக்கமெல்லாம் பொங்கறது, கொட்டறது, மாத்தறது. நீங்க கையத் தூக்கி எனக்கு என்ன ஆச்சு? அதுக்கு முன்னாடியும் அண்டாச் சோத்தக் கொட்டுனேன், நேத்தும் கொட்டுனேன். கையத் தூக்குன மவராசி, மறுநாளே புள்ளைக்கு டப்பா கட்டிக் குடுத்துத்தானுங்களே பள்ளிக்கொடத்துக்குத் தாட்டி உட்டீங்க?"

துளசிமணிக்குச் சுருக்கென்றது. நிசம்தான். கை மேலே நிற்க, இடது கையாலேயே டப்பாவை மூடி மிதுனாவின் பையில் வைத்தவள் அவள்தான். ஊர் என்ன சொல்லும் என்ற பயம்கூட இல்லை, பழக்கம். எல்லாரும் கொடுக்கிறார்கள், அவளும் கொடுத்தாள்.

அவள் தட்டை முன்னால் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டு அங்கே இருந்தது, கை மேலே இருந்தது. மாராத்தாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டு எதிரே குந்தினாள்.

"கரண்டியில போட்டா வாங்கிக்குவீங்க, அது இரும்பு. என்ற கையில ஊட்டுனா வாங்குவீங்களா?"

மாராத்தாளின் விரல்கள் சோற்றைப் பிசைந்து உருட்டின. உருண்டை வாய்க்குப் பக்கத்தில் வந்தது. துளசிமணியின் மனசு சரி என்றுதான் சொன்னது, தொண்டை அடைத்துக்கொண்டது. பல் முளைப்பதற்கு முன்னாலேயே யாரோ கற்றுக்கொடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போன ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது, கை தூக்கின அன்றைக்கும் அது அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. மாராத்தாளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. எதிர் வகுப்பறைத் திண்டில் டப்பாவோடு உட்கார்ந்திருந்த மிதுனா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிமணி வாயைத் திறந்தாள்.

மென்றாள். விழுங்கினாள். "உப்புக் கம்மி" என்றாள்.

மாராத்தாள் ஒரு கணம் முறைத்தாள். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தாள். "வந்ததுலிருந்து இத்தன நாளா என்ற சமையலுக்கு உப்புப் பாத்துச் சொல்ல ஓராள் இல்லீங். நாளைக்குச் சேத்திப் போட்டர்றேன்."

மிதுனா டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து நொச்சிப்பள்ளத்துக்கு மத்தியானம் ஒரு சினிமா கிடைத்தது. ஆண்கள் பீடி பற்ற வைக்க வந்தவர்கள் போலவும், பெண்கள் ஆட்டுக்குட்டியைத் தேடி வந்தவர்கள் போலவும் பள்ளிக்கூட வேலியோரம் நின்று பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அவர்களும் என்னென்னவோ சொன்னார்கள். துளசிமணி பதிலுக்குச் சண்டைக்குப் போகவில்லை, யாரையும் சபிக்கவும் இல்லை, "வாங்கொ, உண்டாச்சுங்களா? இன்னிக்குக் கொண்டக்கடலை" என்று வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்துக் கேட்டாள். அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்லுவது? ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டே போனார்கள்.

பிள்ளைகளுக்கோ, வளர்ந்த ஒரு பொம்பளை வாயைத் திறந்து ஊட்டிக்கொள்வதைப் பார்ப்பதைவிடப் பெரிய கூத்து உலகத்தில் இல்லை. "நானு, நானு" என்று டப்பாவோடு ஓடிவந்தார்கள். துளசிமணி வாயை இறுக்க மூடிக்கொண்டாள். "டப்பாச் சோறு எனக்கு ஆகாது கண்ணுகளா. மாராத்தாக்கா பொங்குன சோத்துலதான் ஊட்டோணும்" என்றாள். அக்கா என்று அவள் சொன்னது அவள் காதுக்கே புதுசாக இருந்தது, சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி ஒரு நொடி நின்று மறுபடி ஊற்றியது. பிள்ளைகள் தட்டெடுக்கப் போனார்கள். தட்டில் வாங்கி, பிசைந்து, அவளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். ஊட்டி முடித்த பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? சோறும் சாம்பாரும் ஒட்டியிருக்கும். அதைப் பிள்ளை என்ன செய்யும்? நக்கும். நக்கினபின் தட்டில் மீதி இருப்பதை என்ன செய்யும்? இதற்கெல்லாம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வீடுகளுக்கு டப்பாக்கள் நிறைந்தபடியே திரும்பின, பிள்ளைகள் சாயங்காலம் பசி என்று சொல்லவில்லை, அம்மாக்களுக்குப் புரிந்தது, புரிந்தும் சில பேர் அதட்டினார்கள், சில பேர் டப்பா கழுவுகிற வேலை மிச்சம் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். சத்துணவுக்கூடத்துக்குப் பின்னாலிருந்த குழியில் அருகம்புல் முளைத்தது.

இந்தப் பக்கம் இப்படிப் போக, அந்தப் பக்கம் சம்பத்குமாரின் கடைசிப் பாவும் ஓடித் தீர்ந்தது. பெண்டாட்டி மாராத்தாள் கையில் உண்கிறாள் என்று அர்த்தனாரி புதுப் பாவு அனுப்பவில்லை, தறிகள் நின்றன. அவர் அடுத்த ஊரில் கூலித் தறி ஓட்டப் போனார், வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சுக் குறைந்தது, அவள் மத்தியானம் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இளைத்துப் போனாள். ஊர் கொடுத்த மனுவின்பேரில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மாள் நேரில் விசாரிக்க வருகிறார் என்று தகவல் வந்தது. ஊர் மறுபடி கை தூக்கினால் மாராத்தாளுக்கு நாலாவது ஊர்தான்.

விசாரணை வேப்பமரத்தடியில் நடந்தது. அதிகாரியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, "சமையலரை மாத்தணும்ங்கறவங்க கை தூக்குங்க, எண்ணிக்கறேன்" என்றார். கைகள் எழும்பின. கை தூக்கச் சொன்னால் தூக்குவது அந்த ஊரின் ரத்தத்தில் இருந்தது. ஆண்கள் பக்கம் சம்பத்குமாரின் கையும் பாதிவரைக்கும் தயங்கி, பிறகு எழும்பியது. அர்த்தனாரி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், பெண்கள் பக்கத்தில் அவர் கண் நின்றது, முகம் மலர்ந்தது.

"பாருங் மேடம், மாத்துக் கருத்துச் சொன்ன துளசிமணியே இன்னிக்குக் கை தூக்கியிருக்குது. ஊரு ஒரே மனசுங்."

கூட்டம் சிரித்தது. துளசிமணிக்கு முகம் எரிந்தது. இத்தனை நாள் முடியாது என்று நின்ற கை ஒரு வார்த்தையில் சரி என்று ஆகிவிட்டது, இறக்கலாம் என்றால் இறங்கவும் இறங்காது. இப்படி ஓர் அநியாயம் உண்டா! சத்துணவுக்கூடத்து வாசலில் மாராத்தாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, மூன்று ஊர் பார்த்த முகம்.

துளசிமணி எழுந்தாள். "என்ற கைய எண்ணாதீங் மேடம். அது போன ஐப்பசியில தூக்குனது" என்றாள். பிறகு அதிகாரியை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "ராதாமணியக்கா, உங்க பையன் நேத்து எனக்கு ரண்டு வாய் ஊட்டுனான், அப்பறம் அந்தத் தட்டுலயே அவனும் உண்டான். ஊட்டுக்கு வந்து நல்லாத்தான இருக்கறான்? சின்னப்பொண்ணு, உன்ற மக முட்டையே திங்காதுன்னு வெசனப்படுவியே, இப்பத் திங்குது, தெரியுமா? நான் உங்களோட சண்டைக்கு வர்ல. எனக்கே அந்த மொத வாய் எறங்கல. தொண்டையில நின்னுச்சு. விழுங்குனேன், போயிருச்சு. அவ்வளவுதானுங் அது. இப்பத் தூக்கியிருக்கற கை எதுக்குத் தூக்கியிருக்குது? உங்க புள்ள உண்கற சோத்த மண்ணுல கொட்டச் சொல்லித்தான?"

அந்த நேரம் பார்த்துச் சத்துணவு மணி அடித்தது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள், பெரியவர்கள் எதற்குக் கூடியிருக்கிறார்கள் என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, தள்ளிக்கொண்டு, இன்னிக்கு என்ன கொழம்பு என்று கத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஊர்ப்பிள்ளை எது காலனிப்பிள்ளை எது என்று பெற்றவர்களே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மாராத்தாள் கட்டியிருந்த கையை அவிழ்த்துக் கரண்டியை எடுத்தாள்.

தூக்கிய கை வலிக்கும் என்பது நொச்சிப்பள்ளத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இதுவரை எந்த முடிவுக்கும் இத்தனை நேரம் தூக்கி வைத்திருந்ததில்லை. முதலில் ஆண்கள் பக்கம் ஒரு கை இறங்கியது.

"என்ற கை எறங்கீருச்சு மேடம். எண்ணிக்கங்" என்றார் சம்பத்குமார். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

பிறகு ராதாமணி முந்தானையைச் சரிசெய்வது போல இறக்கினாள், சின்னப்பொண்ணு ஒன்றும் செய்யாமல் சும்மாவே இறக்கினாள், அங்கொன்றும் இங்கொன்றுமாக இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் முன்வரிசைப் பெரிய மனுஷர்கள் சிலரின் கைகள் மட்டும் நின்றன. அர்த்தனாரி ஒரு பார்வை பார்த்தார், ஒரு முடிவு வந்துவிட்டால் செய்கிற பழக்கத்தில் துண்டை உதறித் தோளில் போட்டார். துண்டை உதற வேண்டுமானால் கையை இறக்கத்தானே வேண்டும்? அதிகாரியம்மாள் அதையும் எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

மாராத்தாள் மாறவில்லை. சிலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், பஸ் ஏற்ற முடியாமல் அடுத்த மாதமே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பொங்கல் ஆர்டருக்குத் துணி நெய்ய ஆள் பற்றாமல் அர்த்தனாரியே ஆள் விட்டுச் சம்பத்குமாருக்குப் பாவு அனுப்பினார். எல்லாம் நேராகிவிட்டது. கை மட்டும் இறங்கவில்லை.

"இன்னும் எதுக்குங் இது மேலயே நிக்குது?" என்று துளசிமணி ஒருநாள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அலுத்துக்கொண்டாள். "எல்லாந்தான் முடிஞ்சுதே அக்கா."

மாராத்தாள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கென்னமோ முடிஞ்சாப்பல தெரியலீங் அம்மிணி. இத்தன மாசமா நீங்க என்ற கையில உண்கறீங்க. நோம்பிக்கு உங்க ஊட்ல முறுக்கு சுட்டீங்க. நான் எங்க நின்னு வாங்குனேன்?"

பின்வாசலில். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், பாலித்தீன் பையில். துளசிமணி வீட்டுக்கு நடந்தாள், வழியெல்லாம் அந்தப் பாலித்தீன் பைதான் கண்ணில் நின்றது.

"நாயித்துக்கெழம மாராத்தாக்காள உண்கறதுக்குக் கூப்புட்டிருக்கறேன்" என்று அவள் புருசனிடம் சொன்னாள். "ஊட்டுக்குள்ள."

சம்பத்குமார் தறியில் அறுந்திருந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்தார். "சரி" என்றார் கடைசியில். "தறிய ஓட்டி உட்டர்றேன். அந்தச் சத்தத்துல யார் வந்தாங்க போனாங்கன்னு தெரியாது."

"தறிய நிறுத்துங்" என்றாள் துளசிமணி.

ஞாயிற்றுக்கிழமை அவர் தறியை நிறுத்தினார். அந்த வீதியில் தறிச்சத்தம் நின்றால் யாருக்கு என்னவோ என்று எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள், வந்தார்கள். மாராத்தாள் நல்ல சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, அத்தனை கண்களுக்கும் நடுவில் வீதியில் நடந்து வந்து வாசலில் நின்றாள். மிளகாய் நாக்கு அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, கை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது.

"எந்த வாசலுங்?" என்றாள் மெதுவாக.

"ஏங், இந்த வாசல்தானுங்" என்றார் சம்பத்குமார், வழியில் கிடந்த தன் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தபடி.

துளசிமணி ஒற்றைக் கையாலேயே விடியலிலிருந்து சமைத்திருந்தாள். வாழையிலை போட்டு, சோறு போட்டு, கோழிக்குழம்பு ஊற்றினாள். மாராத்தாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சோற்றில் கை வைக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையிலும் ஒன்று உட்கார்ந்திருந்தது, அதுவும் பல் முளைப்பதற்கு முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போனதுதான். கண் நிறைந்து, ஒரு சொட்டு இலையில் விழுந்தது.

துளசிமணிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்தாள், சோற்றில் குழம்பைச் சேர்த்துப் பிசைந்தாள், உருட்டினாள், மாராத்தாளின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவசரப்படுத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அது எந்தக் கை என்று அவள் பார்க்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த சம்பத்குமார் பார்த்தார், பார்த்துச் சொம்போடு நின்றுவிட்டார். கதவோரம் மிதுனா பார்த்தாள். மாராத்தாளும் பார்த்தாள், விளக்கெண்ணெயும் திருநீறும் இறக்க முடியாத வலது கை, விரலெல்லாம் குழம்பு வழிய, அவள் வாய்க்கு எதிரே சோற்று உருண்டையோடு காத்திருந்தது.

மாராத்தாள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். நிதானமாக மென்றாள், விழுங்கினாள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்புக் கம்மி, துளசி" என்றாள்.